வயது என்ற கட்டம்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: வீட்டின் வயது.
கொட்டச்சேட்டில், மழை விட்டிருந்த பகலில்,
டேப்பின் மறுமுனையை உண்ணாமலை பிடித்துக்கொண்டாள்.

நடுத்தூண் பலா. வாய்ச்சி கொத்திய வடு
தடவினால் இன்னும் விரலில் தட்டுகிறது.
அதன் இடுப்பில் ஒரு துளை,
நான்கு விரல் அகலம்.
எந்த விட்டத்தின் கழுந்தும் அந்தப் பக்கம் வரவில்லை.
அப்படியானால் இது
வேறெங்கோ ஒரு கூரையைத் தாங்கிவிட்டு
இங்கே வந்த தூண்.

உத்திரத்தில் உளியால் மூன்று கோடுகள்.
காப்பிக் கிடங்கு ஏலம் போனபோது
அவள் மாமனாரின் அப்பன் சடையன்
எட்டுப் பேரோடு மேட்டில் சுமந்து வந்தாராம்.
ஒன்றும் இரண்டும் யார் வீட்டிலோ.

கைமரம் சில்வர் ஓக், கம்பி ஆணி:
புயலுக்குப் பிந்தையது.
ஓடு போய்த் தகரம் வந்தது
மகள் பத்தாவது தேறிய வருஷம்.
தெற்குச் சுவரின் மூங்கில் தட்டி போன தை.

"முப்பதுக்கு மேலே இருந்தாத்தான் காங்கிரீட் வீடு."
"எதோட வயசு? தூணோடதா, தகரத்தோடதா?"
அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

நூற்று இருபது என்று எழுதி அடித்தேன்.
ஒன்று என்றும் எழுதிப் பார்த்தேன்.

"இடிக்கிறப்ப தூணை வெட்டக்கூடாது, சொல்லிட்டேன்.
மாட்டுக் கொட்டகைக்கு ஆகும்."

பிறகு அந்தத் துளைக்குள் கைவிட்டு
ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.
ஓரத்தில் கொசுத்தேனீயின் மெழுகு,
இன்னும் இளகலாக.