ஸ்டியரிக் அமிலம்

பதினொரு மாதம் குட்டியானை ஓட்டினேன்
ஆடுதொட்டியிலிருந்து மணலிக்கு.
பின்னால் நீல டிரம்கள், மூடி சரியாக உட்காராதவை.
வெயில் ஏற ஏற உள்ளே இளகும்,
ஸ்பீடு பிரேக்கரில் தளும்பும்.
வியாசர்பாடி தாண்டும்வரை
நாய்கள் கூடவே ஓடிவரும்.

இதெல்லாம் எங்கே போகிறது என்று
நான் கேட்டதில்லை.
கேட்டவன் கிளீனர் தேசிங்கு.
கேட்டு வாட்ச்மேன் சொன்னார்:
"சோப்புக்குப் போவுது. மூஞ்சில போட்டுக்கினு
மொழுமொழுன்னு வர்றியே, அதுக்கு."
சிரித்தோம்.
மறுநாள் காலை கன்னத்தில் நுரையோடு நின்றபோது
யாரோ டிரம் மூடியைத் திறந்த மாதிரி இருந்தது.
எலுமிச்சை வாசனைதான்.
சத்தியமாக எலுமிச்சை வாசனைதான்.

அன்றிலிருந்து கடை கடையாக
ட்யூபின் முதுகைப் படிக்கிறேன்.
எறும்பெழுத்து. போனில் படம் பிடித்துப்
பெரிதாக்கி, எழுத்துக்கூட்டி.
டாலோவேட் என்றால் மாடு.
அது பரவாயில்லை, முகம் தெரிந்த ஆள்.
லனோலின், ஆட்டு ரோமத்தின் பிசுக்கு.
ஸ்டியரிக் அமிலம்?
பனையாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம்.
கிளிசரினும் அதே கதை.
சிலதில் பச்சைப் புள்ளி.
சிலதில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில்
விலை.

கம்பெனிக்குப் போன் அடித்தேன்.
ஒரு பெண், மதுரைப் பக்கத்துக் குரல்.
"ஸ்டியரிக் அமிலம் எதுலேர்ந்து எடுக்கறீங்க?"
கொஞ்ச நேரம் வீணை வாசித்தார்கள்.
"சார், கம்ப்ளைன்டா எடுத்துக்கறேன்.
அரிப்பா, எரிச்சலா, தடிப்பா?"
மூணும் இல்லை என்றேன்.
"அப்ப இத எதுல சார் போடறது?"
எனக்கும் தெரியவில்லை.

தெருவுக்குள் சேதி போய்விட்டது.
"இன்னா மாமே, பூணூல் எப்போ?"

நான் சுத்தம் பேசுகிறவன் இல்லை.
எங்களுக்கென்று தனி டம்ளர் வைத்தவர்கள்
பேசிய சுத்தம் எனக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை சுக்காவில் வளர்ந்த உடம்பு,
முக்குக் கடை வாசனை இப்பவும்
பேர் சொல்லிக் கூப்பிடும்.
போவதில்லை, அவ்வளவுதான்.
ஆனால் ஒன்று:
தட்டில் இருந்தவரை அதற்கு ஒரு பெயர் இருந்தது.
ட்யூபுக்குள் அதுவும் இல்லை.

கடைசியில் மின்ட் தெருவில் கிடைத்தது,
எவர்சில்வர் கடைக்கு மாடியில்.
தேங்காய் எண்ணெய்க் கட்டி, வட்டமாக,
பழுப்புக் காகிதம் சுற்றி. நூற்றி நாற்பது ரூபாய்.
கடைக்காரர் பூரித்துப்போனார்.
"நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே செய்யறது.
பக்கா சுத்தம்."
எந்த ஏரியா என்றார்.
புளியந்தோப்பு என்றேன்.
மீதி அறுபதைக் கண்ணாடிமேல் வைத்தார்.
எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பாரோ என்னவோ.
அடுத்தவருக்கு எப்படி என்று நின்று பார்த்தேன்.
அடுத்தவர் ஜிபே பண்ணிவிட்டார்.

வீட்டில் பிரஷ்ஷை எடுத்தபோதுதான் உறைத்தது.
பன்றி முடி.
விரலால் தேய்த்தேன்.
எங்கள் அடிபம்புத் தண்ணீரில்
இந்த நுரை நிற்பதில்லை.
ஒரு கன்னம் முடிப்பதற்குள்
மறு கன்னம் காய்ந்துவிடுகிறது.
தாடைக்குக் கீழே கீறிக்கொண்டேன்.
தேங்காய் எண்ணெய், சோடாக் காரம், தண்ணீர்,
கொஞ்சம் நான்.

தேசிங்கு வந்தான். இப்போது அவன்தான் வண்டி ஓட்டுகிறான்.
சட்டையில் அந்த வாடை,
குளித்தாலும் மூன்று நாள் போகாதது.
கட்டியை எடுத்து
மூக்கருகே நெடுநேரம் வைத்திருந்தான்.

"ஒண்ணுமே வரலியே மாமே."

ஆமா, என்றேன்.
கைதுடைக்கத் துண்டு கொடுத்தேன்.
அவன் கட்டியைக் கீழே வைக்காமல்
இன்னொரு முறை முகர்ந்தான்.