பக்கத்துக்கு இருநூற்றைம்பது

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி மேசை என்னுடையது.
பிறப்பு, இறப்பு, பாகப்பிரிவினை,
எந்த இங்கிலீஷையும் தமிழாக்குவேன்,
பக்கத்துக்கு இருநூற்றைம்பது,
முத்திரைக்குத் தனி.

லுசாக்காவில் செத்துப்போன சட்டநாதன்
இங்கிலீஷில் உயில் எழுதியிருந்தார்.
நீல மை, ஒன்றரைப் பக்கம்.
பெஞ்சில் தம்பி கலியமூர்த்தி,
அக்கா மகள் தையல்நாயகி,
இருவருக்கும் நடுவில்
இன்னொரு ஆள் உட்காரலாம்.

முதல் வரி சுலபம்.
வீட்டைத் தம்பிக்கு லீவ் என்றிருந்தது.
'விட்டுச்செல்கிறேன்' என்று போட்டேன்.
எழுபத்தொன்பதில் ஊரை லீவ் என்றிருந்தது.
'விட்டுப்போனேன்.'
அப்பா காரியத்துக்கு வர
கம்பெனி லீவ் தரவில்லை என்றிருந்தது.
அதை லீவு என்றே எழுதினேன்.
நம் ஊரில் குடியேறி
பட்டாவும் வாங்கிவிட்ட சொல் அது.

ஒன்பதாவது வரியில் மாட்டிக்கொண்டேன்.
'லீவ் த டூ மா பை த ஸ்லூஸ்.'
மதகடி இரண்டு மாவை லீவ்.
முற்றுப்புள்ளி.
யாருக்கு என்று இல்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
மை பரவிய இடம்கூட இல்லை.

"பேர் போட மறந்திருப்பாரு"
என்றார் கலியமூர்த்தி.
"முப்பத்திரண்டு வருஷமா உழுவுறவன் நான்.
வேற யாருக்கு?"

"மறக்கலை மாமா.
அத ஒண்ணும் பண்ணாம விடச் சொல்றாரு.
நீங்க பிளாட்டுக்குக் கல்லு நட்டது
அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு."

"எப்படியோ என்ன எப்படியோ,
நீதானே போன் பண்ணினே."

அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.
இங்கிலீஷ்ல என்னதான் அர்த்தம்?

அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே
ஒரு பத்தி முழுக்க வாசித்தேன்.
போ. வை. கொடு.
மிச்சம் வை. தொடாதே.
உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.
பஹ்ரைனிலிருந்து என் வீட்டுக்காரர்
கடைசியாக அனுப்பிய இரண்டு வரியிலும்
இதே சொல்தான் இருந்தது.
அதை நான் இன்னும் தமிழாக்கவில்லை.
அதற்கு யாரும் பக்கக் கணக்கில்
காசு தருவதாயில்லை.

"மேட்டூர்ல தண்ணி விட்டுட்டானாம்!"
டீக்கடையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கலியமூர்த்தி எழுந்தே விட்டார்.
கல்லணைக்கு மூணு நாள்,
நம்ம வாய்க்காலுக்கு எட்டாவது நாள் என்றார்.
பத்தாவது நாள் என்றாள் தையல்நாயகி,
மணல்மேட்டுப் பக்கம் இன்னும் தூர்வாரவில்லையாம்.
ஷட்டரில் ஒரு பலகை போனதைப் பற்றி,
போன வருஷம் கதிரோடு படுத்த பயிரைப் பற்றி,
என் மேசை மேல் கையூன்றிக்கொண்டு
நெடுநேரம் பேசினார்கள்.
உயில் காற்றில் பறக்காமலிருக்க
ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"நாத்து விட்டாச்சா மாமா?"

"எங்க விடறது" என்று ஆரம்பித்தவர்
நிறுத்திக்கொண்டார்.

நாற்றங்கால் எப்போதும் மதகடி இரண்டு மாவில்தான்.
முதல் தண்ணீர் அங்கேதான் ஏறும்.
சட்டநாதன் கப்பலேறுமுன்
கடைசியாக விதை தெளித்ததும் அங்கேதான் என்று
பிறகு தையல்நாயகிதான் சொன்னாள்,
என்னிடம் இல்லை, அவரிடமும் இல்லை,
சுவரில் தொங்கிய முத்திரைத்தாள் விலைப்பட்டியலிடம்.

'மதகடி இரண்டு மாவை விட்டுவிடவும்.'
இதைத்தான் தட்டினேன்.
பேர் போடவில்லை. தொடாதே என்றும் போடவில்லை.
அவர் வைத்த இடத்தில் புள்ளி வைத்தேன்.
கலியமூர்த்தி இரண்டு தடவை வாசித்தார்,
உதடு அசைய.
"இதுலயும் அதேதானே இருக்கு" என்றார்.
ஆமாம் என்றேன்.

ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
ஒன்றரைப் பக்கத்துக்குப் போக
மீதி எண்ணிக் கொடுத்தேன்.
"விடுங்கம்மா" என்றார்
வாய்க்கால் இருக்கும் திசையைப் பார்த்தபடி.

எதை என்று நான் கேட்கவில்லை.
சில்லறையை டிராயரில் போட்டு
பேரேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தேன்,
கேட்டு வந்தால் கொடுப்பதற்கு.