ஓரெழுத்து தள்ளி

இரவு பதினொன்றரைக்கு ஓடத் தொடங்கும் வேலை
இரண்டேகாலுக்கு முடிகிறது, ஒரே புகாரோடு:
நாற்பத்துமூன்று பேர் பொருந்தவில்லை.
தடைக்காலம். விசைப்படகெல்லாம்
தோள் உரசிக் கிடக்கின்றன காசிமேட்டில்.
ஜன்னலைத் திறந்தால் டீசலும் கருவாடும்.
மூடினால் நானும் சர்வரும்.

பழைய கோப்பில் கொம்பு முன்னால் நிற்கும்,
கை எழுதும் வரிசையில்.
யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால்.
இடம் மாற்றினேன். கேள்விக்குறிகள்
பெயர்களாகி எழுந்து உட்கார்ந்தன.
அதற்கே ஒரு டீ குடித்தேன் போன வாரம்.

அந்த நாற்பத்துமூன்று மட்டும்.

காலையில் பவர்குப்பத்து சௌந்தரி
கண்ணாடித் தடுப்பில் கார்டை அழுத்திப் பிடித்தாள்.
"இதுலயும் சௌந்தரி, உன் லிஸ்ட்லயும் செளந்தரி.
இன்னா வித்தியாசம், நீயே சொல்லு."
பார்த்தேன். ஒன்றுமில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
பைட் பைட்டாகப் பிரித்தபோதுதான்:
கார்டில் ஔகாரம் ஒரே குறி.
லிஸ்டில் கொம்பு ஒரு ஆள், ளகரம் ஒரு ஆள்,
ஒட்டி நின்றுகொண்டு
ஒரே ஆள்போல நடிக்கிறார்கள்.
பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வாலுக்கும் ளகரத்துக்கும்
ஒரே எண் போட்டுப் போன புண்ணியவான் யாரோ.

மெய், கொம்பு, ளகரம் கண்டால் சேர்த்துக் கட்டு
என்று விதி எழுதி ஓடவிட்டு
மேசையிலேயே படுத்தேன்.
விடிந்தது. நாற்பத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள்.
பதினேழு வெள்ளையம்மாக்களைக் காணோம்.
ஏல விலைப்பட்டியலில் கெளுத்தி
'கௌ' என்று வாயைப் பிளந்து கிடக்க
அதன் உகரம் புள்ளிவட்டம் ஒன்றில்
தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓரெழுத்து தள்ளிப் பார்த்திருக்க வேண்டும் நான்.
பின்னால் புள்ளியோ உகரமோ வந்தால்
அந்த ளகரம் யாருக்கும் வால் இல்லை.

மூன்றாம் இரவு எல்லாம் பொருந்தியது.
நிவாரணக் கோப்பு ஐந்து ஐம்பதுக்கு வங்கிக்குப் போனது.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
இன்னும் அதே இடத்தில்.

ஒரு வரி மிச்சம், குறிப்புப் பத்தியில்.
எந்த வருஷமோ எந்த ஆப்பரேட்டரோ
கடுப்பில் தட்டியது:
"வௌங்காத இஞ்சின்."
பின்னால் வருவது ஙகரம்; விதி சேர்த்துக் கட்டிவிட்டது.
அதற்கொரு விதி எழுதத் தெம்பில்லை.
கையாலேயே போய்ப் பிரித்து வைத்தேன்,
கொம்பைத் தனியாக, ளகரத்தைத் தனியாக.
திரையில் ஒன்றும் மாறவில்லை.