எடை இறங்கிய பிறகு

முதலில் கேட்டது பின்சீட்டுக்குத்தான்.
"ஆண்ட்டி, உங்க காருக்கு விக்கல்" என்றான் டெஷ்லன்,
முன்பல் இரண்டும் விழுந்தவன்.
சாட்ஸ்வொர்த்தில் யூனிட் ஏழில் ஏற்றி
மூன்றில் பள்ளிக்கூட வாசலில் இறக்குவதற்குள்
பதினோரு வேகத்தடை.
பதினொன்றிலும் இடது முன்சக்கரத்தடியில்
டொக்.
ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து எண்ணுவார்கள்,
மினென்ஹ்லே மட்டும் ஸூலுவில்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து கொரோல்லா.
வெள்ளம் வந்து போனதிலிருந்து
ரோட்டில் தார் பாதி, பள்ளம் பாதி.
முதல் மாதம் லிங்க் ராட் மாற்றினேன்.
டொக்.
அடுத்த மாதம் பால் ஜாயிண்ட்,
அந்த மாதத்து லிஃப்ட் கிளப் காசு முழுக்க அதற்கே.
டொக், கொஞ்சம் மரியாதையோடு.
"ஓட ஓடச் சரியாகும்" என்றது கடை.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
அதுவும் ஒருவகை ரிப்பேர்தான்,
பேட்டரி உள்ளவரை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு பொங்கானி வந்தான்.
பஸ் டெப்போவில் இரவு ஷிஃப்ட், கண் சிவந்திருந்தது.
ஜாக்கியில் தூக்கிக் கட்டைகொடுத்து
நீளக் கம்பியைச் செருகி ஒரு நெம்பு.
கீழ் ஆர்மின் பின் புஷ் வாயைத் திறந்தது.
ரப்பர் கிழிந்து, இரும்பு இரும்பை முட்டிய இடம்
காசுபோலத் தேய்ந்து பளபளத்தது.

"இது போன வருஷம் போட்டதுதானே?"
ஆமாம்.
"தூக்கி வெச்சபடியே முறுக்கிட்டான்.
சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா
ரப்பருக்கு அதுதான் இயல்புன்னு ஆயிடும்.
கீழே இறங்கின நிமிஷத்திலேர்ந்து முறுகியே கிடக்கும்.
எவ்வளவு நாள் கிடக்கும்?
எடையை இறக்கிட்டு அப்புறம் இறுக்கணும்."
சொல்லிவிட்டு, டீயில் சர்க்கரை குறைவு என்றான்.

புது புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவி
வைஸில் வைத்து ஏற்றினோம்.
போல்ட்டை விரலால் மட்டும் திருகி,
காரை இறக்கி, இரண்டு பலகைமேல் ஏற்றி நிறுத்தி
அதன் முழு எடைக்கும் கீழே மல்லாந்து படுத்து
நானே இறுக்கினேன்.
கண்ணில் துரு விழுந்தது.
வேறொன்றும் இல்லை.

அலைன்மெண்டுக்குக் காசில்லை.
தங்கூசி இருந்தது.
ஜோபர்க் போன தயாளன்
மீன்பிடிப் பெட்டியை எடுத்துப் போகவில்லை, நாலு வருஷம்.
நாலு பெயிண்ட் டப்பாவில் கட்டி
காரின் இருபுறமும் அச்சு உயரத்தில் இழுத்தோம்.
வெயிலில் ஒரு பக்கம் நின்றால் தெரியும்,
மறுபக்கம் நின்றால் தெரியாது.
பூனை வந்து தடுக்கி ஒருமுறை எல்லாம் போயிற்று.
முன்டயர்களுக்கடியில் கடைப்பைகள், வழுக்கித் திரும்ப.
ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு,
பிள்ளையின் பள்ளி ஸ்கேல்.
இடது சக்கரம் ஐந்து மில்லிமீட்டர்
வெளியே பார்த்துக்கொண்டிருந்தது,
வேறெங்கோ கிளம்பியதுபோல.
டை ராடில் கால் சுற்று.
காரை முன்னும் பின்னும் உருட்டி, அள.
இன்னும் கொஞ்சம். அள.
பொங்கானி தூங்கப் போய்விட்டான்.
கடைசி அளவு நான் மட்டும் பார்த்தது.

திங்கட்கிழமை.
முதல் வேகத்தடை, ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும் இல்லை.
பின்சீட்டு முழுக்க ஏமாந்த முகங்கள்.
மூன்றாவதில் டெஷ்லன் தாங்கமாட்டாமல்
வாயாலேயே போட்டான்:
டொக்.
பதினொன்றுவரை போட்டான்.

பிள்ளைகளை இறக்கப் போகும் நேரான சாலையில்
ஸ்டியரிங் நடுவில் நின்றது.
வண்டியின் சின்னம் நிமிர்ந்திருந்து
அன்றுதான் பார்க்கிறேன்.
ஆனாலும் கார் வலப்பக்கம் சாய்ந்தது.
திருப்பினேன். மறுபடி சாய்ந்தது.
நூலைக் கோணலாகக் கட்டினேனோ, ஸ்கேலைத் தப்பாகப் படித்தேனோ
என்று ரோபோ சிவப்பில் நிற்கும்போது பார்த்தேன்:
இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்த வண்டியை
நாலு வருஷமாய் வலப்பக்கம் பிடித்தே பழகிய கை,
விரல் மூட்டு வெளுக்க
இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது.
பின்னால் டாக்ஸி ஹாரன்.
"ஆண்ட்டி" என்றான் டெஷ்லன்,
"வெள்ளைக் கோட்டைத் தொடுறீங்க."