சுழிக்காத சொல்

துவாஸில் ஒரு கண்டெய்னருக்குள் எங்கள் அலுவலகம்.
குளிர்சாதனம் இருமிக்கொண்டே இருக்கும்.
விபத்தறிக்கை மூன்றாம் முறையாகத்
திரும்பியிருக்கிறது என் மேசைக்கு.

திரு கோ ஆங்கில இலக்கணத்தில் கறார்.
பச்சை மையில்தான் சுழிப்பார்,
சிவப்பு கோபமாகத் தெரியுமாம்.

மூன்றாம் தளத்துக் கைப்பிடி
ஐந்தாம் தளத்தைவிடத் தாழ்வு என்று எழுதியிருந்தேன்.
ஒரு சுழி. ஓரத்தில் கேள்வி:
கைப்பிடியை ஒப்பிடுவது எதோடு,
கைப்பிடியோடா, தளத்தோடா?
நியாயம்தான். தளம் என்றால்
சிமெண்டும் சாரமும் உச்சிவெயிலும் சேர்த்தல்லவா.
திருத்தினேன்.
பதினெட்டு சென்டிமீட்டர் என்றும் சேர்த்தேன்.

இந்த மாதம் விபத்து குறைவு.
அதற்கும் ஒரு சுழி: எதைவிட?
போன மாதத்தைவிட, சார்.
போன மாதம் இரண்டு.

இத்தனை சுழித்தவர்
ஒரு வரியை மட்டும் தொடவில்லை.
சதாசிவம் பொன்னழகோடு நின்றபோது
ஹீ கொக்கியைக் கழற்ற...

ஹீ.
எந்த ஹீ?

தமிழில் எழுதியிருந்தால்
வினைமுற்றே காட்டிக்கொடுத்திருக்கும்:
கழற்றினார் என்றால் மேற்பார்வையாளர்,
கழற்றினான் என்றால் விழுந்தவன்.
நம் வாய்க்கு அந்த வித்தியாசம்
யோசிக்காமலே வரும்.
ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்.
இந்தக் கட்டுமானத்தில் இருவரும்
சமமாய் நின்ற ஒரே இடம் அதுதான்.

ஷஃபீகுலைக் கேட்டேன், கிரேனுக்குக் கைகாட்டுபவன்.
பெயர் சொல்லவில்லை.
சதாசிவம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பக்கமாகத்
தாடையை உயர்த்தினான்.
அதுவும் ஒரு சுட்டுப்பெயர்தானே.

சதாசிவம் நல்லவர்.
என் மகளுக்கு ஆங்கிலத் துணைப்பாட வகுப்பில்
இடம் பிடித்துத் தந்தவர்.
அந்த வகுப்பில் போன வாரம் நடத்தினார்களாம்:
பிரதிப்பெயர் யாரைக் குறிக்கிறதென்று
ஐயம் வந்தால், பெயரையே எழுது.
மதிப்பெண் இரண்டு.

மணி ஏழேகால்.
ஜூ கூன் நிலையத்துக்குக் கடைசி நிறுவனப் பேருந்து
ஹாரன் அடிக்கிறது.
திரு கோவின் அறையில் விளக்கு அணைந்துவிட்டது.
பொன்னழகு இன்னும்
மருத்துவமனைப் படுக்கையில், இடுப்புக்குக் கீழே கட்டோடு.

அந்த இரண்டெழுத்தை அழித்தேன்.
பெயரைத் தட்டினேன், ஆங்கிலத்தில், ஒவ்வோர் எழுத்தாக.
சதாசிவம்.
கணினி உடனே அதன் கீழே
நெளிநெளியாய்ச் சிவப்புக் கோடு போட்டது.
அப்படியொரு சொல்லே இல்லையாம்.

இருக்கட்டும்.
அனுப்பிவிட்டேன்.