மீட்புக் காலம்

ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டுச் சொன்னபிறகுதான்
நேசையனுக்குத் தெரிந்தது, அவர் பேர் அவரிடம் இல்லை என்று.

களியக்காவிளை மார்க்கெட்டில் எல்லாம் அப்படியே இருந்தது.
ஏத்தங்குலை இறங்கியது, சட்டியில் எண்ணெய் கொதித்தது,
பலகையில் மஞ்சள் பெயின்டில் 'நேசையன் உப்பேரி'.
என் பிரவுசிங் சென்டரில் அதே பேரைத் தட்டினால்
வெள்ளைத் திரை.

"பைசா குடுத்து வாங்கினதுதானே? எனக்க பேருல்லா?"
வாங்கவில்லை அண்ணே, பாட்டம்.
வருஷா வருஷம் கட்ட வேண்டும்.
பாட்டம் என்றதும் பேசாமல் ஆனார்.
அவர் வாழை நிற்கிற மண்ணும் பாட்டத்துக்கு எடுத்ததுதான்.

பேரைச் சொன்னால் கடை எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார்.
மைசூர்ப் பக்கமிருந்து வந்த லாரிக்காரரைச் சொன்னேன்.
செக்போஸ்டில் கேட்டார். அங்கே உங்களைத் தெரியாது,
மார்க்கெட் எந்தப் பக்கம் என்று தெரியும்.
மார்க்கெட் வாசலில் கடை தெரியாது,
சுமட்டுக்கார யோவேலைத் தெரியும்.
யோவேல் கை நீட்டினார்: மூணாவது ஷட்டர்.
முழு வழியும் தெரிந்தவர் ஒருவருமில்லை.
அடுத்து யாரைக் கேட்க என்பது
எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.
இப்போது மார்க்கெட் வாசலிலேயே
'அப்படி ஒரு ஆளு இல்ல' என்கிறார்கள்.

முப்பத்தைந்து நாள் முன்னால் தவணை முடிந்திருக்கிறது.
இது மீட்புக் காலம்.
இதுவும் போனால் ஐந்து நாள் யாரும் தொட முடியாது,
அப்புறம் பேர் விழும்.
விழுகிற நொடியில் கவ்வ
எங்கோ ஒரு மிஷின் தூங்காமல் இருக்கும்.

நினைவூட்டிய கடிதங்கள் எல்லாம்
கணக்கெழுதிய ஷைனியின் முகவரிக்குப் போயிருந்தன.
ஷைனி கல்யாணமாகி எல்லை கடந்து
பாறசாலையில் அக்ஷயா சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள்,
நான் இங்கே செய்கிற அதே வேலை, மலையாளத்தில்.
மழையில் பைக்கில் போனோம். ஆறு கிலோமீட்டர் இருக்கும்.
"பாஸ்வேர்டா?" என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள்.
கடை திறந்த அன்றைக்கு ஏத்தங்காய் கிலோ என்ன விலையோ
அதுதான், முன்னால் 'ஏத்தன்' என்று ஆங்கில எழுத்தில்.
படிக்காத கடிதம் ஆறு.
ஆறிலும் ஒரே கேள்வி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறி.

மீட்புக்கு வருஷக் கட்டணத்தைப்போல எட்டு மடங்கு.
நேசையன் பர்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்:
"சபையில மீட்பு சும்மா கெடைக்கும்னுல்லா சொல்லுதாரு."
ஷைனி சிரிக்கவில்லை. ரசீதை அச்சடித்தாள்.

ராத்திரி பத்தரைக்கு அவளே போன் செய்தாள்:
இங்கே திறக்குது, உப்பேரிப் படம் வருது.
நேசையனின் போனில் வெள்ளைத் திரைதான்.
மதியம் கேட்ட 'இல்லை'யை
இந்தப் பக்கம் யாரோ இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.
மறக்கக் கொஞ்ச நேரம் ஆகும், என்றேன். நம்பவில்லை.

செக்போஸ்ட் வரை நடந்தார், குடையில்லாமல்.
அங்கே நின்று போனை உயரப் பிடித்து
வடக்கே நாலு அடி, தெற்கே நாலு அடி,
எந்த டவர் தன்னை அறியும் என்று பார்க்கிறவர்போல.
வரிசையில் நின்ற லாரி ஒன்று
ஹாரன் அடித்தது, வழிவிடச் சொல்லி.