பக்கத்துக்கு எண்பது காசு

படிக்கக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை.
புரட்டு, அமுக்கு, ஒளி ஓடட்டும், அடுத்தது.
வண்ணார்பேட்டைப் பழைய அச்சாபீஸ் மாடியில்
எனக்கும் ஸ்கேனருக்கும் ஒரே மின்விசிறி.
அதையும் போடக் கூடாது.
போட்டால் 1934 பறந்துவிடும்.

படிக்காமல் எப்படி இருக்க?

மேலப்பாளையம் மைதீன் பிச்சை, நெசவுத் தொழில்,
கொக்கிரகுளத்துப் பாலத்திலிருந்து
நாலணாப் பந்தயத்துக்கு வெள்ளத்தில் குதித்தார்.
கரையேறியும் விட்டார்.
பந்தயம் கட்டியவன் அதற்குள் ஓட்டமெடுக்க
ஈர வேட்டியோடு துரத்திப் போய்
ஜங்ஷன் முக்கில் மாட்டுவண்டியில் அடிபட்டு மாண்டார்.
"மேற்படி நாலணா இன்னும் பட்டுவாடா ஆகவில்லை"
என்று முடித்த நிருபருக்கு
ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்க ஆசை.

அப்புறம் இது:
"திருத்தம். தச்சநல்லூர் உலகம்மை
மாரடைப்பால் காலமானதாகச் சென்ற வாரம் பிரசுரித்தோம்.
அம்மாள் நமது காரியாலயத்துக்கு நேரில் வந்து
இல்லை என்றார்கள். வருந்துகிறோம்."
எதற்கு வருந்தினார்கள் என்று தெளிவில்லை.

நான் சிரித்தது கீழே கேட்டிருக்கும்.
"ஏட்டி, வாசிக்கவா வந்திரிக்க?"
காண்ட்ராக்டர் தவசிக்கனியின் குரல்
படியேறி வந்தது, அவர் வரவில்லை.

மூன்றாம் பக்கம், வலது கீழ் மூலை.
பல்பொடிக்கும் கூந்தல் தைலத்துக்கும் நடுவே
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
காணவில்லை. சிறுவன். பெயர் உச்சிமாகாளி.
வயது ஒன்பது. மாநிறம். இடது புருவத்தில் தழும்பு.
கடைசியாகக் கண்டது ரயிலடியில்,
தென்காசி வண்டி வந்த நேரம்.
சேதி சொல்வோர்க்கு ரூ. 5.
சங்குமுத்து, இரும்புக்கடை, டவுண்.

அடுத்த வெள்ளி. அதற்கடுத்த வெள்ளி.
அதே கட்டம், அதே உடைந்த 'ழு'.
ஒரு வருஷம் கழித்து
அச்சுக் கோத்தவர் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்.
வயது பத்து.

பதினொன்று. பன்னிரண்டு.
அஞ்சு ரூபாய் இருபத்தஞ்சு ஆனது.
பையன் என் கண் முன்னால்
வாரம் ஒரு புரட்டலாக வளர்ந்தான்.

1940, ஐப்பசி மழைவாரம்.
இரண்டாம் பக்கம், நாலே வரி.
தாழையூத்துக்கு வடக்கே தண்டவாளத்தில் பிரேதம்.
சுமார் பதினைந்து வயது. புருவத்தில் பழைய தழும்பு.
எந்தப் புருவம் என்று இல்லை.
உரியவர் யாரும் வராததால் சர்க்கார் செலவில் அடக்கம்.

எதிர்ப்பக்கம் மூன்று.
கட்டம் இருந்தது. வயது பதினைந்து.
தாளை மடித்தால்
அதுவும் இதுவும் ஒன்றை ஒன்று தொடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும்
ஊர், சம்பவம், பெயர் அடிக்க வேண்டும்.
பெயர் இல்லாவிட்டால் இயந்திரம் நகராது.
ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

சங்குமுத்து இரண்டாம் பக்கம் வாசித்தாரா?
அடுத்த வருஷத்து விளம்பரம்:
வயது பதினாறு. அரும்புமீசை இருக்கலாம்.

யுத்தம் வந்து காகிதம் சுருங்கியது.
பல்பொடி போயிற்று, தைலம் போயிற்று.
கட்டம் இரண்டு வரியாகக் குறுகியும் போகவில்லை.
பத்தொன்பதில்: என் உயரம் இருப்பான்.
இருபத்து மூன்றில்:
மணமாகியிருக்கலாம். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

1949 தை முதல் வெள்ளி,
அந்த மூலையில் ஒரு சினிமாக் கொட்டகை.
மரண அறிவித்தல்களில் தேடினேன்.
இரும்புக்கடை ஏலம் ஏதாவது உண்டா என்று தேடினேன்.
மாசியிலிருந்து ஆடிவரை கறையான்.
ஆவணியில் யாரோ ஆரஞ்சுத் தோலை வைத்து மூடியிருக்கிறார்கள்,
அது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம்
இன்றைய கணக்கு முடிந்த பிறகு, காசில்லாமல்,
1940-ஐத் திறந்தேன்.
புள்ளிக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.
ஏழு எழுத்து. அரை நிமிஷ வேலை.

எட்டு வருஷம் அவர் அடிக்காத பெயர்.

மின்விசிறியைப் போட்டேன்.
மேஜையில் கிடந்த உதிரித் தாள் இரண்டு எழுந்து
ஜன்னல் வரை போயின.
போய் எடுத்து வந்து அடுக்கினேன்.